மருந்தை அளந்த கை

பெங்களூரில் அல்சூரை அடுத்து ஜோகுபாளையம் என்றொரு பகுதி உண்டு. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன்னர் வந்து குடியேறிய குடும்பங்கள் அப்பக்கமெங்கும் பரவி வாழ்கின்றன. பாளையம் என்ற சொல்லுக்குப் படை இறங்கித் தங்குமிடம் என்பதே பழம்பொருள். பாளையக்காரர் என்ற பெயர் பிறந்ததும் அதனாலேதான். பின்னாளில் அச்சொல் சிற்றூர்களுக்கும் நகர்ப்புறங்களுக்கும் பொதுப்பெயராகித் தன் படைத்தொடர்பை மறந்தது. ஆயினும் ஜோகுபாளையத்தைச் சுற்றியுள்ள நிலம் இன்றளவும் அத்தொடர்பை விடவில்லை. சிறிது தொலைவில் அல்சூர் ஏரிக்கரையில், சென்னைப் பொறியியல் படைப்பிரிவின் தலைமை நிலையம் இருக்கிறது. அப்பிரிவின் வீரர்களைப் பட்டாளத்தார் அனைவரும், அவர்தம் தாய்மொழி எதுவாயினும், 'தம்பி' என்றே அழைப்பர். இந்தியச் சேனையில் ஒரு தமிழ்ச் சொல் இவ்வளவு உரிமையோடு நிலைபெற்ற இடம் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

இவ்விடத்தை முன்னிட்டு நாம் இன்று பேசப் புகுவது மிகச் சிறிய பொருளொன்றைப் பற்றி. அது தோட்டா. குறி தவறாமல் சுடுபவனின் புகழ் அவனுடைய கண்ணுக்கும் கைக்கும் போய்ச் சேர்கிறது. அவன் சுடுவதற்கு முன்னர், மருந்தை அளந்து தோட்டாவை நிரப்பிய கை ஒன்று உண்டு. அந்தக் கை யாருடையது, அதை யார் நம்பினர், யாரிடமிருந்து அந்த அளவுகோல் பறிக்கப்பட்டது என்பனவே நம் பொருள்.

முதலில் சொற்களைக் கவனிப்போம். மொழிபெயர்ப்பாளருக்கு அது விடாத வழக்கம். துப்பாக்கி என்பது துருக்கிய மூலத்திலிருந்து தெலுங்கின் வழியாக நம்மை வந்தடைந்த சொல். தோட்டா இந்துஸ்தானியிலிருந்து வந்தது. பறங்கியர் கொணர்ந்தமையால் பீரங்கி பீரங்கியாயிற்று. சிப்பாய் பாரசீகம். மருந்து என்ற சொல் மட்டும் தூய தமிழ். நோய் தீர்ப்பதற்கும் உயிர் போக்குவதற்கும் நம் முன்னோர் ஒரே பெயரை வழங்கினர். கரி, கந்தகம், வெடியுப்பு என்ற மூன்றையும் இடித்துச் சலித்துக் கலந்த கருமருந்து, வைத்தியர் சூரணம் செய்வதைப் போலவே அளவு பிசகாமல் செய்யப்பட வேண்டியதாயிருந்தது. ஒருவேளை இந்த ஒற்றுமையே அப்பெயருக்குக் காரணமாயிருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது.

நிற்க. 'தம்பி'களின் படை தோன்றிய கதை காஞ்சிபுரத்துக்கு அருகில் தொடங்குகிறது. 1780-ஆம் ஆண்டு ஹைதர் அலி கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். செப்டம்பர் 10-ஆம் நாள் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் தலைமையில் நின்ற கும்பெனிப் படையை ஹைதரும் அவர் மகன் திப்புவும் சூழ்ந்துகொண்டனர். போர் நடுவில் கும்பெனியாரின் மருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. மைசூர்ப் படையின் இரும்புக் குழாய் ராக்கெட் ஒன்றே அத்தீயை மூட்டியது என்று பலர் எழுதியுள்ளனர். மருந்து போயிற்று, படையும் அழிந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அப்போர்க்களத்தைத் தீட்டியிருக்கிறார்கள். அங்கே செல்லும் நேயர்கள், நடுவில் புகை கிளம்பும் அந்த வெடிப்பைத் தேடிப் பார்க்கலாம். பெய்லியின் பல்லக்கைக் காட்டிலும் அதுதான் அன்றைய முடிவைத் தீர்மானித்தது.

பொள்ளிலூர் நடந்த இருபதாம் நாள், செப்டம்பர் 30 அன்று, சென்னையில் முன்னோடிப் படை என்ற பெயரில் இரண்டு கம்பெனிகள் திரட்டப்பட்டன. திரட்டியவர் ஜோசப் மூர்ஹவுஸ் என்ற பீரங்கிப்படை அதிகாரி. வழி வெட்டுதல், பாலம் கட்டுதல், சுரங்கம் தோண்டி மருந்து வைத்தல் ஆகியவை அவர்களுக்கு இடப்பட்ட பணி. இவர்களே பின்னாளைய சென்னைச் சாப்பர்கள். மூர்ஹவுஸ் 1791 மார்ச் மாதத்தில் பெங்களூர்ப் பேட்டை வாயிலைத் தாக்கியபோது மாண்டார். அவர் உருவாக்கிய படை, அவர் விழுந்த ஊரையே பின்னர்த் தனக்கு இல்லமாகக் கொண்டது.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின்னர் ஆங்கிலேயர் தம் படையை முதலில் அங்கேயே நிறுத்தினர். காவிரிக்கரைக் காய்ச்சல் அவர்களை நிம்மதியாக இருக்க விடவில்லை. எனவே 1809-இல் அல்சூரை ஒட்டிய மேட்டு நிலத்தில் புதிய படைநிலையம் அமைத்தனர். மக்கள் அதைத் 'தண்டு' என்றனர். படையோடு சமையற்காரரும், கொல்லரும், தோல் தைப்போரும், மாட்டுவண்டிக்காரரும், வணிகரும், துபாஷிகளும் சென்னை மாகாணத்திலிருந்து வந்தனர். தண்டு மாரியம்மனும் வந்தாள். குதிரைப்படைச் சாலை என்று ஆங்கிலேயர் பெயரிட்ட வீதி இன்று காமராஜர் பெயரைத் தாங்கி நிற்பதைக் காணும்போது, அந்த வருகையின் கணக்கு ஒருவாறு நேராயிற்று எனலாம். 1881-இல் மைசூர் மன்னருக்கு நாடு திரும்பக் கொடுக்கப்பட்டபோதும் தண்டு மட்டும் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. 1947-இல்தான் அது மைசூருடன் சேர்ந்தது.

அந்நாளைய சிப்பாய் தன் துப்பாக்கியை எவ்வாறு நிரப்பினான்? வாய்வழி நிரப்பும் துப்பாக்கியில் ஒவ்வொரு வெடிக்கும் மருந்தைத் தனியே இட்டு, மேலே குண்டைப் போட்டு, கோலால் குத்தி இறுக்க வேண்டும். நரிக்குறவர் தோளில் நாட்டுத் துப்பாக்கியைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. கொம்பிலிருந்து மருந்தைக் கையளவாகச் சரிப்பவன் ஒருமுறை கூடுதலாகவும் ஒருமுறை குறைவாகவும் இடுவான்; குண்டும் ஒருமுறை உயரவும் ஒருமுறை தாழவும் போகும். போர்க்களத்தின் நடுக்கத்தில் கேட்கவே வேண்டாம். இதற்குப் பரிகாரமாகவே காகிதத் தோட்டா தோன்றியது. ஒரு வெடிக்கு வேண்டிய மருந்தையும் ஈயக்குண்டையும் முன்னதாகவே அளந்து காகிதக் குழலில் சுருட்டி முடிந்து வைப்பர். சிப்பாய் அதன் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழாயில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் உள்ளே தள்ளுவான். இவ்வாறு அளக்கும் வேலை சுடுபவன் கையிலிருந்து வேறொரு கைக்கு மாறியது. அந்தக் கையைச் சிப்பாய் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் அது சுற்றிய காகிதத்தை அவன் நாள்தோறும் வாயில் வைத்தான்.

1857-இன் கலகத்தை இந்த இடத்திலிருந்து பார்த்தால் அதன் ஒரு முகம் நன்கு விளங்கும். 1853-ஆம் ஆண்டு மாதிரியான என்பீல்டு துப்பாக்கியின் குழாயில் உட்புறம் சுற்றுவரிகள் வெட்டப்பட்டிருந்தன. குண்டு அவ்வரிகளைப் பற்றிச் சுழன்று செல்வதால், பழைய துப்பாக்கியைவிடப் பன்மடங்கு தொலைவில் குறியைத் தொட்டது. ஆனால் இறுக்கமான அக்குழாயில் குண்டு வழுக்கி இறங்குவதற்குத் தோட்டாவில் கொழுப்புத் தடவ வேண்டியிருந்தது. அது பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மிலிருந்து பரவியது. அரசாங்கத்தார் அம்மாதமே பணிந்து வந்தனர். கொழுப்பில்லாத தோட்டா தருவோம், நெய்யோ தேன்மெழுகோ சிப்பாய்களே பூசிக்கொள்ளட்டும் என்றனர். பின்னர், பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்று கவாத்து முறையையே மாற்றினர். பயனில்லை. ஏப்ரல் 24 அன்று மீரத்தில் தோட்டாவை ஏற்குமாறு கட்டளையிடப்பட்ட குதிரைவீரர் 90 பேரில் 85 பேர் மறுத்தனர். மே 9 அன்று அவர்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் மீரத் எழுந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மீரத்தில் அன்று நீட்டப்பட்ட தோட்டா, புதிய கொழுப்புத் தோட்டா அன்று. அவ்வீரர்கள் முன்பே பழகிய பழைய வகையே. இதைக் கொண்டு சிப்பாய்கள் அறியாமையால் ஏமாந்தனர் என்று எழுதிய ஆங்கில ஆசிரியர் பலர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது என்பதை வெளியிலிருந்து காண முடியாது. செய்தவன் சொல்லை நம்பியே அதை எடுக்க வேண்டும். நம்பிக்கை முறிந்த பின்னர்ப் பழையதும் புதியதும் ஒன்றே. சென்னைப் படையிலேயே 1806-இல், வேலூரில், ஒரு தலைப்பாகையின் பொருட்டு இத்தகைய முறிவு நேர்ந்திருந்தது. அந்தப் பாடத்தை வங்காளத்து அதிகாரிகள் படித்ததாகத் தெரியவில்லை.

கலகம் ஒடுங்கிய பின்னர் ஆங்கிலேயர் வகுத்த நெறி தெளிவானது. பீரங்கிகளை, மலைப் பீரங்கிப் படைகள் சில நீங்கலாக, இந்தியர் கையில் விடவில்லை. ஆங்கிலச் சிப்பாய்க்கு ஒரு புதுத் துப்பாக்கி வந்தால், அவன் கழித்த பழையதே இந்தியச் சிப்பாய்க்கு வந்தது. படைக்கு வெளியே இருந்தவர்களுக்கோ 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்தது. அச்சட்டப்படி இந்தியர் துப்பாக்கியும் மருந்தும் வைத்திருக்க அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். ஐரோப்பியருக்கு அக்கட்டுப்பாடு இல்லை. குடகர் முதலிய சிலருக்கே விலக்கு இருந்தது. அதே ஆண்டு அதே லிட்டன் பிரபு தாய்மொழிப் பத்திரிகைச் சட்டத்தையும் இயற்றினார். நாவின் பூட்டு 1882-இல் ரிப்பன் பிரபுவால் கழற்றப்பட்டது; சுதேசமித்திரன் பிறந்ததும் அவ்வாண்டே. கையின் பூட்டு, குடியரசு தன் சொந்தச் சட்டத்தை 1959-இல் இயற்றும் வரை தொடர்ந்தது. இப்போதுள்ள சட்டமும் அனுமதியை வேண்டுவதே. ஆனால் அது நிறம் பார்ப்பதில்லை.

துப்பாக்கி சுடுதல் ஒரு விளையாட்டாக வளர்ந்ததும் ஏறத்தாழ இக்காலத்தில்தான் என்பது கருதத்தக்கது. இங்கிலாந்தின் தேசியத் துப்பாக்கிச் சங்கம் 1860-இல் விம்பிள்டன் வெளியில் முதற் போட்டியை நடத்தியது. விக்டோரியா அரசியே முதல் குண்டைச் சுட்டார். அமெரிக்கச் சங்கம் 1871-இல் எழுந்தது. ஏதென்சில் 1896-இல் ஒலிம்பிக் பந்தயம் புத்துயிர் பெற்றபோது கைத்துப்பாக்கிப் போட்டிகளும் அதில் இருந்தன. பெங்களூர்த் தண்டிலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியரும் சேர்ந்த ரைஃபிள் தொண்டர் படை இருந்தது. தண்டைச் சுற்றி வாழ்ந்த தமிழருக்குத் துப்பாக்கியின் ஓசை அன்றாடப் பழக்கம். அதைத் தம் பொழுதுபோக்காக ஏந்தும் உரிமையோ அவர்களுக்கு இல்லை.

இனித் தோட்டாவின் உருமாற்றத்துக்கு வருவோம். காகிதம் போய்ப் பித்தளை வந்தது. பித்தளைத் தோட்டாவில் நான்கு உறுப்புகள் உள்ளன. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கிளப்பும் சிறு கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு. கேப்பு என்பது தீபாவளியில் சிறுவர் பொம்மைத் துப்பாக்கியில் வைத்துச் சுடும் பொட்டு வெடியின் மூத்த உறவு. தட்டினால் தீப்பொறி பறக்கும். அப்பொறி துளை வழியே உட்சென்று மருந்தைக் கொளுத்தும்.

இந்தத் துளையில் ஒரு சுவையான செய்தி அடங்கியிருக்கிறது. ஆங்கிலேயரான பாக்ஸர், அமெரிக்கரான பெர்டன் ஆகிய இருவரும் 1866-ஆம் ஆண்டை ஒட்டித் தனித்தனியே கேப்பு அமைப்புகளை வகுத்தனர். பாக்ஸரின் முறையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. பெர்டன் முறையில் நடுவில் சிறு பட்டடை போன்ற மேடும் பக்கங்களில் இரு துளைகளும். விதியின் விளையாட்டாக, ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில் வேரூன்றியது. அமெரிக்கரின் முறை ஐரோப்பாவில் பரவியது. சுட்டு முடித்த கூட்டை மீண்டும் நிரப்ப விரும்புபவனுக்கு இவ்வேறுபாடு பெரிது. நடுவே ஒரு துளையிருந்தால் ஓர் ஊசியை உள்விட்டுப் பழைய கேப்பை எளிதில் தள்ளி எடுத்துவிடலாம்; இரு துளையிருந்தால் அது முடியாது. வீட்டு மேசையில் அமர்ந்து தன் தோட்டாவைத் தானே நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் செழித்ததற்கும் ஐரோப்பாவில் அத்துணை செழிக்காமைக்கும் சட்டங்களோடு இந்த ஊசித்துளையும் ஒரு காரணம்.

காகிதத் தோட்டாவில் கூடு எரிந்தும் கிழிந்தும் போய்விடும். பித்தளைக் கூடோ சுட்ட பின்னும் எஞ்சி நிற்கும். தோட்டாவில் விலை மிகுந்த உறுப்பும் அதுவே. ஆகவே சிப்பாயிடமிருந்து ஒரு காலத்தில் நீங்கிய அளவுகோல், இப்பித்தளையின் வழியாக, விருப்பத்தால் சுடுபவனிடம் திரும்பி வந்தது. அமெரிக்கச் சமவெளியின் வேட்டைக்காரர் தீயருகே அமர்ந்து ஈயத்தை உருக்கி வார்த்துத் தம் தோட்டாக்களை நிரப்பினர். மைசூர்க் காடுகளிலும் நீலகிரியிலும் வேட்டையாடிய வெள்ளைத் துரைமாரும் தம் கூடாரங்களில் இவ்வேலையைச் செய்தனர்.

அரசாங்கத்தின் தோட்டா ஆலைகள் மறுபுறம் வளர்ந்தன. புனாவை அடுத்த கிர்க்கியில் 1869-இல் தோட்டா ஆலை நிறுவப்பட்டது. புகையில்லா மருந்தை பிரெஞ்சு நாட்டு வியெய் 1884-இல் கண்டுபிடிக்க, 1889-இல் இங்கிலாந்தில் ஏபெலும் டிவாரும் கார்டைட் என்னும் மருந்தைச் செய்தனர். கயிறு போல் இழைக்கப்பட்டமையால் அப்பெயர். அதை இந்தியாவில் செய்ய நீலகிரியில் குன்னூருக்கு மேலேயுள்ள அருவங்காட்டில் 1903-இல் ஆலை எழுந்தது. மலை ரயிலில் உதகைக்குச் செல்வோர் அருவங்காடு நிலையத்தைக் கடந்தே செல்வர். படைக்கலத் தொழிற்சாலைகள் 2021-இல் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, அருவங்காடும் கிர்க்கியும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. மருந்தை அளக்கும் கை தமிழ்த் தொழிலாளியின் கையாயிற்று. ஆனால் அளவை விதித்தவர் நெடுங்காலம் வேறாக இருந்தனர். 1912-இல் பெங்களூரில் சாப்பர் படையைச் சேர்ந்த காப்டன் மக்லிண்டாக், முள்வேலியைத் தகர்ப்பதற்காக நீண்ட குழாயில் வெடிமருந்தை அடைத்து ஒரு கருவி செய்தார். 'பெங்களூர் டார்பிடோ' என்ற பெயரில் அது 1944-இல் நார்மண்டிக் கடற்கரை வரை சென்றது. ஊரின் பெயர் உலகமெங்கும் போயிற்று. அக்குழாயைச் சுமந்து பரிசோதித்த சாப்பர்களின் பெயர் போகவில்லை.

கைத்துப்பாக்கியில் வந்த பெரும் மாறுதலுக்கும் பெங்களூர்த் தண்டு ஒரு சாட்சியைத் தந்தது என்றால் நேயர்கள் வியக்கலாம். 1896-இல் நான்காம் ஹுஸ்ஸார் குதிரைப்படையில் இளம் அதிகாரியாக வின்ஸ்டன் சர்ச்சில் இங்கே வந்து சேர்ந்தார். பம்பாய்த் துறையில் இறங்கும்போது படகு ஆடியதில் அவருடைய வலத்தோள் நழுவியது. அது வாழ்நாள் முழுதும் சீராகவில்லை. வாளை வீச அத்தோள் இடங்கொடாது. எனவே 1898-இல் சூடானில் ஓம்டர்மன் களத்தில் குதிரைப்படை பாய்ந்தபோது, அவர் வாளுக்குப் பதிலாக மௌஸர் கைத்துப்பாக்கியை ஏந்தினார். அது 1896-இல் வெளிவந்த புதுப்பொறி. பத்துத் தோட்டாக்களைக் கொண்டது. (பெங்களூர்க் கழகத்தின் பேரேட்டில் அவர் பெயரில் 13 ரூபாய் வராக்கடனாக எழுதப்பட்டிருப்பதும் இக்கதையோடு சொல்லத் தக்கதே.)

அப்பொறியின் புதுமை இது: ஒரு முறை விசையை இழுத்தால் ஒரு குண்டு போகும், போகும் விசையின் எதிர்வினையாலேயே பின்பகுதி தள்ளப்பட்டு, காலிக் கூடு வெளியே எறியப்பட்டு, அடுத்த தோட்டா தானே உள்ளேறும். சுடுபவன் மீண்டும் விசையை இழுத்தால் போதும். முழுத் தானியங்கி அன்று, பாதித் தானியங்கி. இங்கே தோட்டாவுக்கு இரட்டைக் கடமை ஏற்பட்டுவிட்டது. குண்டைச் செலுத்துவதோடு துப்பாக்கியையும் அதுவே இயக்க வேண்டும். சுழற்துப்பாக்கியில் மருந்து சிறிது குறைந்தால் குண்டு சற்றுத் தாழப் போகும், அவ்வளவே. பாதித் தானியங்கியிலோ, மருந்து குறைந்தால் பின்பகுதி முழுதும் நகராது, காலிக் கூடு வாயில் சிக்கிக்கொள்ளும். மருந்து மிகுந்தால் பொறி அடிபடும், கையும் துள்ளும், அதற்கு மேலானால் சுடுபவனுக்கே கேடு.

போட்டியில் சுடுபவர் தம் தோட்டாவைத் தாமே நிரப்பத் துணிந்தது இந்தக் காரணத்தால்தான். அமெரிக்கச் சேனை 1911-இல் ஏற்ற பிரௌனிங்கின் கைத்துப்பாக்கி, அந்நாட்டுக் குறிச்சுடும் போட்டிகளில் நெடுங்காலம் தனியரசு செலுத்தியது. அதன் படைத் தோட்டா மனிதனை வீழ்த்துவதற்கென்று செய்யப்பட்டது. காகித வட்டத்தைத் துளைப்பதற்கு அவ்வளவு வலிமை வேண்டாம். அதன் அதிர்ச்சி அடுத்த வெடிக்குக் குறியையும் கெடுக்கும். எனவே போட்டியாளர், வார்த்தெடுத்த ஈயக்குண்டும் குறைந்த மருந்தும் இட்டு மென்மையான தோட்டாவைச் செய்தனர். அதற்கேற்பத் துப்பாக்கியின் சுருள்வில்லையும் இளக்கினர். குண்டின் முனையையும் தட்டையாக்கினர். கூர்முனைக் குண்டு காகிதத்தைக் கிழித்துச் செல்லும்; துளை எந்த வட்டத்தைத் தொட்டது என்பதில் வழக்கு எழும். தட்டை முனையோ பணியாரக் கல்லில் குழி விழுந்தாற்போல் வட்டமாக வெட்டிச் செல்லும்.

இவ்வேலையில் திறமை எங்கேயிருக்கிறது என்று கேட்டால், சலிப்பைத் தாங்குவதில் என்றே கூற வேண்டும். கூடுகளைத் துடைத்து, ஒரே அளவுக்கு ஒடுக்கி, கேப்பைப் பொருத்தி, மருந்தை நிறுத்து, குண்டை ஒரே ஆழத்தில் அமர்த்தி, நூறு தோட்டாவும் ஒன்றேபோல் இருக்கச் செய்ய வேண்டும். புகையில்லா மருந்து கருமருந்தைவிட மிக வலியது. கூட்டில் அது அடியோடு கிடக்கும். கவனம் சிதறி இரண்டாம் முறை இட்டாலும் வழிந்து காட்டிக்கொடுக்காது. கருமருந்துக் காலத்தில் கையளவு பிழைத்தது, இக்காலத்தில் பிழைக்காது. மருந்தே இடாமல் விட்டால் கேப்பின் விசை மட்டும் குண்டைப் பாதிவழி தள்ளிக் குழாயில் நிறுத்திவிடும். அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் பிளக்கும். பழகியவர்கள் நிரப்பும்போது பேசமாட்டார்கள் என்பதில் வியப்பில்லை. நம் நாட்டில் இதை விளையாட்டாக எவரும் முயல இடமில்லை. 1959-ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டாவின் உறுப்புகளையும் அதைச் செய்யும் பொறிகளையும் கூடத் தோட்டா என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கி, உற்பத்திக்குத் தனி அனுமதியை வேண்டுகிறது.

சுதந்திர இந்தியாவில் தேசியத் துப்பாக்கிச் சங்கம் 1951-இல் தோன்றியது. மக்களவையின் முதல் தலைவர் மாவலங்கர் அதை நிறுவ முன்னின்றார். மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஹரிஹர் பானர்ஜி நம் நாட்டுக்காகச் சுட்டார். விம்பிள்டனில் அரசி சுட்டதற்கும் இதற்கும் இடையே 92 ஆண்டுகள். தொடக்கத்தில் இது அரச குடும்பத்தாரின் கலையாகவே இருந்தது. பிகானீர் மகாராஜா கர்ணி சிங் 1962-இல் உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். மற்றவர்க்குத் துப்பாக்கி எட்டினாலும் தோட்டா எட்டவில்லை.

அதே ஹெல்சிங்கியில், விரைவாகச் சுடும் கைத்துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்றவர் ஹங்கேரியரான கரோய் டகாச். 1938-இல் கைக்குண்டு ஒன்று வெடித்ததில் வலக்கையை இழந்தவர். இடக்கையால் பழகி 1948-இலும் 1952-இலும் வென்றார். அப்போட்டியில் 25 மீட்டர் தொலைவில் ஐந்து குறிகளை முதலில் எட்டு வினாடியிலும், பின்னர் ஆறிலும், இறுதியில் நான்கிலும் சுட வேண்டும். பாதித் தானியங்கியன்றி வேறெதுவும் அதற்கு ஈடுகொடாது. 2012-இல் லண்டனில் இதே போட்டியில் இந்தியச் சேனை வீரர் விஜய் குமார் வெள்ளி வென்றார். பெரிய தோட்டா இடும் நடுக்கேப்புக் கைத்துப்பாக்கியில், 1994-இல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் ஜஸ்பால் ராணா தங்கம் பெற்றார். 2006-இல் தோஹாவில் 590 புள்ளிகளுடன் உலகச் சாதனையைச் சமன் செய்தார். அவரிடம் பயின்ற மனு பாக்கர் 2024-இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றது யாவரும் அறிந்ததே. பெங்களூரைச் சேர்ந்த பிரகாஷ் நஞ்சப்பா 2013-இல் சாங்வான் உலகக்கோப்பையில் காற்றழுத்தக் கைத்துப்பாக்கியில் வெண்கலம் பெற்றார். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், காற்றழுத்த ரைஃபிளில் 2019-இல் உலகக்கோப்பைத் தங்கம் வென்றார். வெளி மாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் நேயர்களுக்கு இப்பெயர் தனி மகிழ்ச்சி தரும். காற்றழுத்தத் துப்பாக்கிக்கு மருந்தே வேண்டாம். சிறிய ஈயக்குண்டு மலிவு. நம் நாட்டில் இக்கலை அரண்மனையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இறங்கி வந்ததற்கு அதுவே முதற் காரணம் என்பது நம் கருத்து.

விஜய் குமார் சுட்ட சிறு தோட்டாவில் பொறி மருந்து தனிக் கேப்பில் இல்லை. கூட்டின் அடி விளிம்பினுள்ளேயே பூசப்பட்டிருக்கும். சுட்டதும் அவ்விளிம்பு நசுங்கிவிடும். மீண்டும் நிரப்ப வழியில்லை. ஆலை நிரப்பியதையே சுட வேண்டும். ஆயினும் ஒரே ஆலையில் ஒரே வகையாகச் செய்யப்பட்ட தோட்டாக்களும் தொகுதிக்குத் தொகுதி மயிரிழை வேறுபடும். ஆகவே உலகப் போட்டியாளர் தம் துப்பாக்கியோடு ஆலைக்கே செல்வதுண்டு. அங்கே குழாயை ஒரு பற்றியில் இறுக்கிப் பூட்டி, தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்ப்பர். எந்தத் தொகுதியின் துளைகள் தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி விழுகின்றனவோ, அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, அவ்வெண் அச்சிட்ட பெட்டிகளை ஆயிரக்கணக்கில் வாங்கி வந்து, அவை தீருமட்டும் வேறொன்றைத் தொடமாட்டார்கள்.